மேடையில் படித்து மேடைக்குப் படிப்பித்தவர்: அவ்வை டி. கே. சண்முகம்

நம் பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவில் முடிவானபோது பல பெயர்கள் வந்தன. கடைசியில் அவ்வை சண்முகம் என்ற பெயரைச் சொன்னதும் எங்களில் சிலர் சிரித்துவிட்டோம். அந்தப் பெயரைக் கேட்டால் 1996இல் வந்த கமல்ஹாசனின் படம்தான் நினைவுக்கு வருகிறது. ஓர் ஆண் மாமி வேடம் கட்டி வந்து எல்லோரையும் சிரிக்க வைத்த அந்தப் படத்தை மடுல்சீமையில் பார்க்காத வீடு இல்லை. ஆனால் படத்தின் பெயருக்குப் பின்னால் உண்மையான ஒரு மனிதர் இருந்தார் என்பதை எங்களில் பலர் பிந்தித்தான் அறிந்தோம்.

சென்னையில் ஒரு நீண்ட வீதிக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். முன்னர் அது லாயிட்ஸ் சாலை. கமல்ஹாசன் சிறுவனாக இருந்தபோது நடிப்புப் பழகியது டி. கே. சண்முகத்தின் நாடகக் குழுவில். தமக்குத் தொழில் கற்பித்த பெரியவருக்கு மாணவர் செய்த வணக்கமாகவே அந்தப் படத்தின் பெயரைக் கொள்ள வேண்டும்.

அவரைத் தெரிவு செய்ததற்கு எங்களுக்கு வேறு காரணமும் உண்டு. பெண்கள் மட்டும் படிக்கும் பாடசாலையில் நாடகம் போட்டவர்களுக்கு அது உடனே விளங்கும். அதியமானாக நடிக்க வந்த பிள்ளைக்குக் கரி தொட்டு மீசை வரைந்தோம். அரசனின் வேட்டி அவிழ்ந்துவிடாமல் ஊசி குத்தினோம். குரலைத் தடிப்பாக்கிப் பேசச் சொல்லி ஆசிரியை படாதபாடு பட்டார். சண்முகம் வளர்ந்த நாடகக் கம்பெனியிலோ எல்லாம் தலைகீழ். அங்கே இருந்தவர்கள் அனைவரும் பையன்கள். சீதையும் சாவித்திரியும் வள்ளியும் பையன்களே. எங்கள் மேடையில் பெண் ஆணானாள். அவர்கள் மேடையில் ஆண் பெண்ணானான். அந்த மேடையிலிருந்து வந்த ஒருவர் தமிழ் மூதாட்டியின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வாழ்நாள் முழுவதும் தாங்கிக்கொண்டார்.

ஆறு வயதில் அரிதாரம்

சண்முகம் பிறந்தது 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, திருவனந்தபுரத்தில். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை நாடக நடிகர். சங்கரன், முத்துசாமி ஆகியோர் மூத்தவர்கள். பகவதி இளையவர். இந்த நால்வரும்தான் பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று தமிழுலகம் முழுவதும் அறியப்பட்டவர்கள்.

1918ஆம் ஆண்டில் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பெயரில் சிறுவர் நாடகக் கம்பெனி ஒன்றை நடத்தத் தொடங்கினார். கண்ணுசாமிப் பிள்ளையின் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். அப்போது சண்முகத்துக்கு வயது ஆறு. நம் தோட்டத்துப் பிள்ளை முதலாம் வகுப்புக்குச் சிலேட்டோடு போகும் வயது. அந்த வயதில் அவர் முகத்தில் அரிதாரம் பூசி மேடை ஏறினார். பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பு அதன்பின் அவருக்குக் கிடைக்கவில்லை.

பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் சொன்ன அந்தக் குழுக்கள் எப்படி இருந்தன என்பதை இன்றைய பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள். பெற்றோர் பையனைக் கம்பெனியில் ஒப்படைத்துவிடுவார்கள். சாப்பாடும் உடுப்பும் தங்குமிடமும் கம்பெனியின் பொறுப்பு. பகலில் பாட்டும் வசனமும் ஆட்டமும் பாடம், இரவில் நாடகம். ஒலிபெருக்கி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் நடுவில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். நாடகம் இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். ஒரு ஊரில் சில மாதங்கள் இருந்துவிட்டுக் காட்சித் திரைகளையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். அடியும் உதையும் அந்தப் படிப்பின் பகுதியாகவே இருந்தன.

வேடங்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களை நம் பாட்டிமாரும் அறிவார்கள். அரச வேடம் ராஜபார்ட். பெண் வேடம் ஸ்திரீபார்ட். கோமாளி பபூன். குரல் இனிமையாக இருக்கும்வரை பையனுக்கு மதிப்பு. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்தால் பாட்டுப் போய்விடும். பாட்டுப் போனால் பல பையன்களுக்குக் கம்பெனியில் இடமும் போய்விடும். கையில் வேறு தொழில் இல்லை, படிப்பும் இல்லை. பெயர் பெற்றவர்களின் வாழ்க்கையைத்தான் நாம் படிக்கிறோம். குரல் உடைந்து வீட்டுக்குத் திரும்பிய பையன்களின் வாழ்க்கையை எழுதியவர் இல்லை. சண்முகத்தைப் பாராட்டும்போது அவர்களையும் மறந்துவிடாமல் இருப்பதே நியாயம். கொழுந்துக் கூடைக்காகப் படிப்பை விட்ட எத்தனையோ பெண் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். ஆகவே இதை எழுதாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

ஆசிரியர்

சண்முகத்தின் அதிர்ஷ்டம், அவருக்கு முதலில் வாய்த்த ஆசிரியர். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நடிகராகத் தொடங்கி, எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் பார்ப்போரை நடுங்க வைத்து, பிறகு வேடம் கட்டுவதை விட்டு நாடகம் எழுதவும் கற்பிக்கவும் தம் வாழ்வைக் கொடுத்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதிய நாடகங்கள் ஏராளம். தெருவில் கிடந்த கதைகளுக்கு வெண்பாவும் விருத்தமும் சந்தப்பாட்டும் கொடுத்து, படிக்காதவரும் கேட்டு மகிழும்படி செய்தவர் அவர்.

அந்த நாடகங்கள் தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. கப்பலேறி இலங்கைக்கும் வந்தன. யாழ்ப்பாணத்தில் இசை நாடகமாக வேர்விட்டன. மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று வி. வி. வைரமுத்து மக்களை அழ வைத்தது அந்த மரபில்தான். நம் தோட்டங்களிலும் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திரனும் ஆடப்பட்டன. யார் எழுதியது என்று தெரியாமலே அந்தப் பாட்டுகளை நம் தாத்தாமார் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

சுவாமிகளிடம் சண்முகம் படித்த காலம் நான்கு ஆண்டுகள்தான். சிறுவனின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லோரும் அறிந்த செய்தி. தனக்காக ஆசிரியர் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு இரவெல்லாம் எழுதினார் என்பதை அறிந்த பிள்ளைக்கு அந்த ஆசிரியர் தெய்வத்துக்குச் சமம் ஆகிவிடுவார்.

பிறகு சுவாமிகளுக்குப் பாரிசவாதம் வந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகள் பிறந்த வாய் பேச்சிழந்தது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி அவர் புதுச்சேரியில் காலமானார். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது. தலைக்குள் ஒரு நூல்நிலையத்தையே வைத்திருந்த மனிதர், சொல்ல வாயில்லாமல் கிடந்து மறைவதை அந்தச் சிறுவன் பார்த்தான். பின்னாளில் அவர் செய்த பல காரியங்களுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று நாங்கள் எண்ணுகிறோம்.

சகோதரர்களின் சபை

1925ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி திருவனந்தபுரத்தில் சகோதரர்கள் தங்களுக்கென ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். சண்முகத்துக்குப் பதின்மூன்று வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. பிள்ளைகளின் கம்பெனிதான், ஆனால் கடனும் செலவும் பெரியவர்களுக்கு வரும் கடனும் செலவுமே.

அவர்களுக்குக் கிடைத்த அடுத்த நல்லாசிரியர் எம். கந்தசாமி முதலியார். புராணக் கதைகளில் ஊறியிருந்த பையன்களுக்குச் சமூக நாடகம் பழக்கியவர் அவர். பாட்டைக் குறைத்து, பேசுவதுபோலப் பேசி நடிக்கச் சொன்னார். ஜே. ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள், சந்திரகாந்தா, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா போன்ற நாவல்கள் இப்படி மேடைக்கு வந்தன. மேனகா 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாகவும் வெளிவந்தது. சகோதரர்களும் அவர்களுடைய குழுவினரும் அதில் நடித்தார்கள்.

தமிழ் மேடையில் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று சுவாமிகளின் பாட்டுப் பாதை. மற்றது கந்தசாமி முதலியார் காட்டிய பேச்சுப் பாதை. ஒன்றைப் பிடித்தவர்கள் மற்றதை இகழ்வது வழக்கமாக இருந்தது. சண்முகம் இரண்டையும் கற்றார், இரண்டையும் மதித்தார். சிவலீலாவும் நடத்தினார்கள், குமாஸ்தாவின் பெண்ணும் நடத்தினார்கள். பின்னையது வங்க நாவல் ஒன்றைத் தழுவி முத்துசாமி எழுதிய குடும்ப நாடகம். வரதட்சணைக் கொடுமையில் அகப்பட்ட ஏழைக் குமாஸ்தாவின் வீட்டுக் கதை அது. 1941இல் அதுவும் படமாயிற்று.

நாட்டு விடுதலைக் காலத்தில் வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரனைத் தேசபக்தி என்ற பெயரில் மேடையேற்றினார்கள். அரசாங்கம் நாடகங்களைக் கண்காணித்த நாட்கள் அவை. நாட்டுப்பற்றை மேடையில் பேசினால் கம்பெனி மூடப்படலாம் என்று தெரிந்தே ஆடினார்கள்.

சபையில் பழகிப் பின்னர் பெயர் பெற்றவர்களை எண்ணினால் அது ஒரு பாடசாலையின் பழைய மாணவர் பட்டியல்போல நீளும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், எஸ். எஸ். ராஜேந்திரன், ஏ. பி. நாகராஜன் ஆகியோர் அவர்களுள் சிலர். திருவிளையாடல் படத்தை எடுத்த ஏ. பி. நாகராஜன் சிறு வயதில் இந்தச் சபையில் பெண் வேடம் கட்டியவர். எந்த இடத்தில் எப்படி நிற்பது, சொல்லை எங்கே நிறுத்துவது, எதிரில் நடிப்பவர் பேசும்போது தான் என்ன செய்வது என்றெல்லாம் அவர்கள் கற்ற கட்டடமற்ற கல்லூரி அது. சண்முகம் அங்கே நடிகராகவும் இருந்தார், வாத்தியாராகவும் இருந்தார்.

அவ்வையார்

சண்முகத்துக்கு முப்பது வயதை ஒட்டி அவ்வையார் நாடகம் வந்தது. திடகாத்திரமான இளைஞர் பல்லுப்போன மூதாட்டியாக வர வேண்டும். மூப்பு முகத்தில் மட்டும் இருந்தால் போதாது. நடையிலும் இருமலிலும் கையூன்றி எழும்புவதிலும் இருக்க வேண்டும். அந்த வேடம் பொருந்துவதற்காகத் தம் பற்களைப் பிடுங்கிக்கொண்டார் என்று இன்றைக்கும் நாடக உலகில் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த வேடத்துக்கு முன்னரும் ஆண்கள் பெண் வேடம் கட்டினார்கள். அவை பெரும்பாலும் அழகும் இளமையும் உள்ள பெண்கள். ஓர் ஆணின் குரலும் இடுப்பும் எவ்வளவு தூரம் பெண்ணாக மாறுகின்றன என்று பார்ப்பதே அங்கே வேடிக்கை. அவ்வையார் வேடத்தில் அந்த வேடிக்கைக்கு இடமில்லை. அரசர்களின் அவையில் அஞ்சாமல் நின்று போரைத் தடுக்கும் அறிவுள்ள கிழவி அவள். அவளுக்கு மரியாதை வாங்கிக் கொடுக்க வேண்டும். சண்முகம் வாங்கிக் கொடுத்தார். கிழவி வேடத்தில் ஆண் வந்தால் சிரிக்கும் சபை, அவர் வந்தபோது கைகூப்பியது. அதன்பின் மக்கள் அவரை அவ்வை சண்முகம் என்றே அழைத்தார்கள். பட்டங்கள் பல பெற்றவர்தான். ஆனாலும் ஒரு பாட்டியின் பெயரே அவரோடு நிலைத்தது.

1953இல் ஜெமினி நிறுவனம் எடுத்த ஔவையார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்த வேடத்தில் நடித்தார். நம் மனக்கண்ணில் உள்ள ஔவைப் பாட்டி அந்த அம்மையாரே. அது சரிதான். இருந்தாலும் தடியூன்றிய ஔவையை மேடையில் நடமாடவிட்டு ஊர் ஊராகக் கொண்டுபோன பெருமையில் இந்த மனிதருக்கும் பங்கு உண்டு. ஆத்திசூடியோடு எழுத்துப் படித்தவர்களாகிய நாங்கள் அவருக்கு அந்த வகையில் கடன்பட்டவர்கள்.

ஒரு பாட்டும் ஒரு வழக்கும்

அவருடைய வாழ்க்கையில் பலர் அறியாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1948இல் சகோதரர்கள் எடுத்த பில்ஹணன் படத்தில் பாரதியாரின் பாட்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை அப்போது ஒரு திரைப்பட நிறுவனம் விலைக்கு வாங்கி வைத்திருந்தது. அனுமதியின்றிப் பாட்டைப் பயன்படுத்தியதாகச் சகோதரர்கள்மேல் வழக்கு வந்தது. மக்களுக்காகப் பாடிய கவிஞனின் பாட்டு ஒருவரின் தனிச் சொத்தாக இருக்கலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. எழுத்தாளர்களும் அறிஞர்களும் குரல் கொடுத்தார்கள். சண்முகமும் அந்த முயற்சியில் முன்னின்றார். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றுக்கொண்டது. பின்னர் அவை பொதுமக்களின் சொத்தாயின.

இன்று நம் பாடசாலைப் பிள்ளைகள் தமிழ்த்தினப் போட்டியில் பாரதியின் பாட்டை எவரிடமும் கேட்காமல் பாடுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு நாடகக்காரர் நீதிமன்றப் படியேறிய கதையும் இருக்கிறது.

நடிகர் ஆய்வாளரானது

இனி வருவதே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டிய பகுதி.

1944ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஈரோட்டில் சகோதரர்கள் ஒரு நாடகக்கலை மாநாட்டைக் கூட்டினார்கள். நாடகக்காரன் என்றால் வீடு வாடகைக்குக் கொடுக்கவும் பெண் கொடுக்கவும் தயங்கிய காலம் அது. தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே அமர்ந்து பேச வேண்டும், அறிஞர்களையும் அழைத்துப் பேச வைக்க வேண்டும் என்று நடிகர்கள் எண்ணியது புதுமை. ஆடிவிட்டுப் போவதோடு நடிகனின் கடமை முடியவில்லை என்ற எண்ணம் அங்கே வெளிப்பட்டது.

நாடகத்தைப் பற்றி எழுதியவர்கள் அதற்கு முன்னரும் இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் பரிதிமாற் கலைஞர் நாடகவியல் என்ற இலக்கண நூலைச் செய்தார். நம் லுணுகலை, பிபிலை வீதியால் இறங்கிப் போனால் வரும் கிழக்குக் கரையில், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்க சூளாமணியைத் தந்தார். பம்மல் சம்பந்த முதலியார் தாமும் நடித்துத் தம் அனுபவங்களையும் எழுதினார். இவர்கள் எல்லோரும் கல்லூரி கண்டவர்கள். சண்முகம் கம்பெனிப் பையன். தர்க்கமும் இலக்கணமும் அவருக்குப் பள்ளியில் வரவில்லை. தொழிலில் இருந்தபடியே நூல்களைத் தேடிப் படித்து, தமிழ்ப் புலவர்களோடு பழகி, எழுதும் தமிழைத் தாமே சம்பாதித்துக்கொண்டார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைச் சொற்பொழிவாற்ற அழைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் அமர்ந்தவர் நம் விபுலாநந்த அடிகள். அந்த இடத்தில், ஆறு வயதில் அரிதாரம் பூசியவர் தமிழ் நாடகத்தின் வரலாற்றையும் நடிப்பில் தாம் பெற்ற அனுபவத்தையும் மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். அந்தச் சொற்பொழிவுகள் நாடகக் கலை என்ற நூலாயின. ஏட்டில் உள்ளதை மேடையில் தேடுவது ஒரு வகை ஆய்வு. மேடையில் உள்ளதை ஏட்டில் சேர்ப்பது இன்னொரு வகை. அவர் செய்தது இரண்டாவது வகை.

தம் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றியும் தனியாக நூல் எழுதினார். அவருக்கு நினைவு மன்றம் அமையப் பாடுபட்டார். பாய்ஸ் கம்பெனியில் பாடம் காதால் கேட்டுத் தொண்டையில் இறங்குவது. ஆசிரியர் போனால் பாடமும் போய்விடும். மேடையில் பலர் பாடிப் பாடிச் சொற்கள் திரியும், அடிகள் விடுபடும். கடைசியில் யார் எழுதியது என்ற பெயரும் மறையும். சுவாமிகளை இன்று தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று நாம் அறிந்திருக்கிறோம் என்றால், பேச்சிழந்து மறைந்த அந்த ஆசிரியருக்காக மாணவர் தொடர்ந்து பேசியதும் அதற்குக் காரணம்.

1950களில் அவர்கள் அரு. ராமநாதனின் ராஜராஜ சோழனை மேடையேற்றினார்கள். பகவதி ராஜராஜனாக நின்றார். சிறுவர்களுக்கென அப்பாவின் ஆசை போன்ற நாடகங்களையும் நடத்தினார்கள். சினிமா வந்து நாடகக் கொட்டகைகளை ஒவ்வொன்றாக விழுங்கிய காலத்தில் இவற்றைச் செய்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். சங்கீத நாடக அகாதமியின் விருதும், 1971இல் பத்மஸ்ரீ விருதும் சண்முகத்துக்குக் கிடைத்தன.

எல்லாவற்றிலும் பெரியதாக நாங்கள் கருதுவது 1972இல் வந்த எனது நாடக வாழ்க்கை என்ற அவருடைய நூல். தன்வரலாறு எழுதுபவர்கள் தம்மைப் பற்றியே எழுதுவது உண்டு. இந்த நூலில் அவர் தம்மோடு நடித்தவர்களையும், தங்கிய ஊர்களையும், கொட்டகைகளையும், வசூல் இல்லாத நாட்களையும் எழுதினார். பெயர் பெறாத நடிகர்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. குரல் உடைந்து போன பையன்களைப் பற்றி எழுதியவர் இல்லை என்று மேலே சொன்னோம். அந்தக் குறையைக் கொஞ்சமேனும் தீர்த்து வைத்தவர் இவர். தமிழ் நாடக வரலாற்றை ஆராயும் எவரும் இன்று இந்த நூலைத் தொடாமல் போக முடியாது. அடுத்த ஆண்டு, 1973 பெப்ரவரி 15ஆம் திகதி, அறுபது வயதில் அவர் காலமானார். எழுதுவதை இன்னும் சிறிது காலம் தள்ளிப்போட்டிருந்தால் அத்தனையும் அவரோடு போயிருக்கும்.

நம் மலையில்

நாங்கள் இந்த வாழ்க்கையைப் படித்துவிட்டு மடுல்சீமையை நினைத்துக்கொண்டோம்.

மாசி மாதம் வந்தால் நம் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும். கடைசி இரவில் சிவன் காமனை எரிப்பார். ரதியாக வருபவர் ஆண். பகலில் கவ்வாத்து வெட்டிய கை இரவில் வளையல் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைக்கும். பெண்களாகிய நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்துக் கோடியில் நின்று அழுதிருக்கிறோம். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடிய தோட்டங்களும் உண்டு. இவற்றையெல்லாம் கற்பித்த கூத்து வாத்தியார்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். அப்பனிடம் கேட்டதைப் பிள்ளைக்குச் சொன்னார்கள். சிலர் மட்டும் பழைய கொப்பிகளில் எழுதி வைத்தார்கள். அந்தக் கொப்பிகள் லயத்து அட்டாலில் புகை பிடித்துக் கிடந்தன. மழை ஒழுகிய இரவுகளில் சில நனைந்து போயின. வாத்தியார் செத்தபின் விறகு அடுப்புக்குப் போனவையும் உண்டு.

எங்கள் காலத்தில் இதைப் பற்றி எவரும் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. படித்த பிள்ளைகள் கூத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். இன்று நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடம். நம் பாடசாலையிலிருந்து ஆசிரியைகளாகப் போனவர்கள் பலர். பல்கலைக்கழகம் வரை போனவர்களும் இருக்கிறார்கள். சண்முகத்துக்கு இல்லாத வசதிகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. கையடக்கத் தொலைபேசியிலேயே ஒரு முழு இரவுக் கூத்தைப் பதிவு செய்யலாம்.

ஆகவே சங்கத்தின் நூற்றாண்டில் நம் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். உங்கள் தோட்டத்தில் கூத்துப் பழக்கிய பெரியவர் இன்னும் இருந்தால், அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அவரிடம் போய் உட்காருங்கள். தேயிலை ஊற்றிக் கொடுத்துவிட்டு, யாரிடம் படித்தீர்கள் என்று கேளுங்கள். ரதி கட்டியவர் யார், தபசு மரம் ஏறியவர் யார், தப்பு அடித்தவர் யார் என்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். கொப்பி இருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு, கொப்பியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சேர்த்தவற்றைப் பாடசாலை நூல்நிலையத்தில் ஒரு அலுமாரியில் வைக்கச் சங்கம் ஏற்பாடு செய்யும்.

நம் பெரியவர்கள் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த மாசிக்கு முன்னரே போய்க் கேட்பது நல்லது.